ஜெட் விமானம் எடுத்த மலைப் படம்

ரீட்டா, சவரி, நான் மலேசியாவிலிருந்து வந்து இறங்கிய அன்று நீங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே கேட்டீர்கள்: "லூர்து அத்தையோட அம்மா கல்லறை கெடச்சுதாப்பா?" கிடைத்தது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழுவதையும் சொல்லவில்லை. நீங்கள் பெட்டியைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தீர்கள், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிட்டேன். வாயால் சொன்னால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் ரீட்டா திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

லூர்து அத்தை என் பெரியப்பாவின் மகள். பெரியப்பா இளவட்டமாக இருந்தபோதே கப்பலேறி, கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே அத்தை பிறந்தார். அத்தைக்கு நாலு வயது நடக்கும்போது பெரியம்மா காய்ச்சலில் இறந்துபோனார். தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அப்போது அந்தக் காடுகளில் சண்டை நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குத் தோட்டத்து ஜனங்கள் அரிசி கொடுத்துவிடுவார்கள் என்று வெள்ளைக்கார அரசாங்கத்துக்குப் பயம். பெரியம்மாவைப் புதைத்த சில வாரங்களுக்குள் மேல் பிரிவில் லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்து, எல்லோரையும் கீழே கொண்டுவந்து முள்வேலிக்குள் குடி வைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கல்லறையில் யாரையும் அடக்கம் செய்யவில்லை. யாரும் மேலே போகவும் விடவில்லை. காடு மூடிவிட்டது. இடம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள்.

இப்போது அந்த மலைச்சரிவை ஒரு காய்கறிக் கம்பெனி எடுத்து, மண்ணை வெட்டிப் படி படியாக்கிப் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறது. அத்தை நில அலுவலகத்துக்கு மனுப் போட்டார். "வியாழக்கிழமைக்குள் இடத்தைக் காட்டுங்கள், அந்தப் பகுதியை விட்டுவிடச் சொல்கிறோம். காட்ட முடியாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை எனக்குப் போன் செய்தார். "நீதானேய்யா நெலம் அளக்குற ஆபீஸ்ல இருக்க. வந்து காட்டிக் குடுத்துட்டுப் போய்யா."

நான் செயின்மேன். சர்வேயர் சொல்லும் இடத்தில் சங்கிலி பிடிப்பவன், கல் நடுபவன். அதை அத்தையிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "வர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். கொல்லிமலை வளைவுகளைப் பார்த்தவன்தான். இருந்தும் பாதி வழியில் வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த சீனத்து அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து சுருங்கிப்போன ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். வாயில் போட்டதும் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் மெல்ல ஓர் இனிப்பு. குமட்டல் நின்றது. நம் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. பாஷை தெரியாததால் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

கியா பார்ம் என்ற இடத்தில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் வாங்க வந்த கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் அடைத்திருந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரோ பஸ் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"திருச்சிலேருந்து வர்ற அண்ணன் நீங்கதானே? பசியாறிட்டீங்களா? எறங்குங்க, நம்ம லோரியில போலாம். இந்த பஸ்ஸ நம்புனா நாளைக்குத்தான் போய்ச் சேருவீங்க."

அவர் பெயர் செல்வம். அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீடு. காய்கறி லோரி ஓட்டுகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்பக்கச் சந்துகளில் லோரியை எப்படியோ நுழைத்து, அத்தை இருக்கும் கம்போங் ராஜாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். லோரி முழுக்க முட்டைக்கோஸ் வாசனை, அடியில் கோழி எருவின் நாற்றம். நம் ஊர் வெயிலில் வெந்தவனுக்கு அந்தக் குளிர் முதலில் சுகமாக இருந்தது. அரை மணி நேரத்தில் பல் கிட்டியது.

அத்தைக்கு எழுபதுக்கு மேலே. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "ஒங்கப்பன் மூக்கு அப்படியே இருக்கு" என்றார். பிறகு மேஜைமேல் ஒரு பெரிய படத்தை விரித்தார்.

கோலாலம்பூரில் வேலை செய்யும் அத்தையின் மகன் வெளிநாட்டு ஆவணக் கூடம் ஒன்றுக்கு எழுதி வரவழைத்த படம் அது. கறுப்பு வெள்ளை. வானத்திலிருந்து நேர்க் கீழாக எடுத்தது. சண்டை நடந்த அந்தக் காலத்தில் மீட்டியார் என்ற ஜெட் விமானம் எடுத்தது.

இந்த விமானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜெட் விமானங்கள் புதிதாக வந்த சமயம். நாம் திருச்சி ஏர்போர்ட்டில் பார்த்தோமே, அதில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். சிறகுக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். போர் விமானம்தான், ஆனால் இந்த ரகத்தில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. துப்பாக்கி இருக்க வேண்டிய மூக்கில் கேமரா. வயிற்றிலும் கேமரா. உள்ளே ஒரே ஓர் ஆள். அவரே ஓட்ட வேண்டும், அவரே கேமரா சுவிட்சைப் போட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவார்களாம். நேரம் ஆனால் இந்த மலையை மேகம் மூடிவிடும். மேலே வந்ததும் ஆடாமல் அசையாமல் நேர்க்கோட்டில் போக வேண்டும். வயிற்றுக்கு அடியில் இருப்பதை ஓட்டுகிறவரால் பார்க்க முடியாது. கேமராதான் பார்க்கும். அந்தப் படங்களை ஒரு அறையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்க்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மரவள்ளித் தோட்டம் தெரிந்தால் போதும், அங்கே ஆள் ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். பிறகு குண்டு போடும் விமானம் வரும்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அத்தை. "சத்தம் ஒரு பக்கம் கேக்கும், ப்ளேன் இன்னொரு பக்கம் போயிருக்கும். புள்ளைங்க எல்லாம் சத்தம் வர்ற தெசையப் பாத்துட்டு நிப்போம். அங்க ஒன்னும் இருக்காது."

மனிதனை வேட்டையாடத் தேடிய விமானம்தான் பெரியம்மாவின் கல்லறையையும் படம் பிடித்திருந்தது. சீப்புப் பல் மாதிரி காலி லயன் வரிசைகள் தெரிந்தன. அங்கிருந்து ஒரு நூல் பாதை. அதன் முனையில் வெளிறிய ஒரு சதுரம், சதுரத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள். வெள்ளை அடித்த சிலுவைகள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அத்தையின் மகன் படத்தின் ஒரு பக்கம் வடக்கு என்று பென்சிலால் எழுதியிருந்தார். அளவையும் எழுதியிருந்தார். எங்கள் ஆபீஸில் முதல் பாடமே, வடக்கை மேலே வைத்துத்தான் எந்தப் படத்தையும் பார்க்க வேண்டும் என்பது. வடக்கை மேலே வைத்து உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க மலையும் பள்ளமும் தெளிவாக எழும்பி வந்தன. கல்லறை ஒரு பள்ளத்தின் அடியில் இருந்தது. பள்ளத்தின் ஓரமாக வெளிறிய ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து ஓடியது. பிரியும் இடத்திலிருந்து கல்லறை ஒன்றரை விரல் தூரம். சுலபமான வேலை என்று அத்தையிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, அந்த மலைச்சரிவு இருக்கும் கோலா தெர்லாவுக்குப் போனோம். எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் கூடாரங்கள், மலைக்கே பேண்டேஜ் போட்ட மாதிரி. நாங்கள் போன சரிவில் மட்டும் இன்னும் புதர். கீழே ஓடை. நடந்துபோய்ப் பார்த்தால், அது உண்மையிலேயே இரண்டாகப் பிரிந்தது! எனக்கு வந்த பெருமையை உங்களிடம் எப்படிச் சொல்வது?

கம்பெனியின் மேற்பார்வையாளர் ஆ கியோங் வந்தார். சீனர். தோட்டத்தில் வளர்ந்ததால் தமிழ் பேசினார். "ஐயா, நான் சண்டைக்கு வரல. எங்கப்பாவுக்கும் கல்லறை இருக்கு, வருசா வருசம் போய் புல்லு வெட்டி சாமி கும்புடுறேன். நீ எடத்தைக் காட்டு, நான் மெசின மாத்துறேன். வியாழன் வரைக்கும் மெசின சும்மா நிறுத்த மட்டும் என்னால முடியாதுலா, தவ்கே ஏசுவாரு."

தவ்கே என்றால் முதலாளி. நான் டேப்பைப் பிடித்து, ஓடை பிரியும் இடத்திலிருந்து அளந்து, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டினேன்.

அத்தை குனிந்து மண்ணை எடுத்துப் பார்த்தார். பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. "ஏய்யா, இப்படி ஊத்தெடுக்குற எடத்துல குழி வெட்டுவாங்களா?"

"ஓடை எடம் மாறியிருக்கும்க்கா."

"இங்க காத்தே இல்லியே. அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப அப்படிக் காத்து. மூடியிருந்த துணி பறந்து எங்கப்பா ஓடிப் புடிச்சாரு. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"அக்கா, அது நாலு வயசு ஞாபகம். இது கேமரா."

அப்படித்தான் சொன்னேன். அத்தை கையிலிருந்த மண்ணை உதறினார். ஆ கியோங் என் குச்சிகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப இந்தப் பள்ளத்துல கை வைக்க மாட்டேன். மெசின் மேல மலை முதுகுல வேலை செய்யட்டும்" என்று சொல்லிப் போனார். நியாயமான மனிதர் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செவ்வாய் முழுவதும் செல்வமும் நானும் அந்தப் பள்ளத்தில் புதர் வெட்டினோம். அட்டை ஏறியது. மத்தியானம் அத்தை இலையில் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, நெத்திலி, உறைப்பான சம்பல். நம் வீட்டுத் தேங்காய்ச் சோறு மாதிரி என்று நினைத்து வாயில் வைத்தால், சம்பல் நாக்கைப் பிடுங்கியது. செல்வம் சிரித்தார். "தமிழ்நாட்டுக்காரருக்கே காரமா? வெளிய சொல்லிடாதீங்கண்ணே."

மேலே மலை முதுகில் மண்வாரி இயந்திரம் வேலை செய்யும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. நம் ஊரில் பொக்லைன் என்போமே, அதுதான். மண் உருண்டைகள் சரிந்து எங்கள் பக்கம் வந்தன. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிலுவைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை. கம்போங் ராஜாவில் ஒரு சாயாக் கடையில் நானும் செல்வமும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். நடுவில் படம். வடக்கு என் பக்கத்திலிருந்து பார்த்தால் மேலே. செல்வம் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தார்.

"ஏண்ணே, மேட்டு மேல இருக்குற கல்லறைய ரெண்டு நாளா பள்ளத்துல தேடுறோம்?"

"எது மேடு? அது பள்ளம்."

"பள்ளமா? நல்லா மாட்டு முதுகு மாதிரி தூக்கிட்டு நிக்குதுலா."

"தம்பி, நான் இருபது வருஷமா படம் பாக்குறவன்."

"நான் பதினஞ்சு வருசமா இந்த மலையில லோரி ஓட்டுறவன். மேட்டுக்கு கியர் மாத்துறதும் பள்ளத்துக்கு பிரேக் புடிக்கிறதும் எனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் அடுப்புப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் கண்ணாடிய மாத்திப் போட்டுப் பாருங்கய்யா."

"சரிண்ணே, ஒங்க கணக்குல ஆறு எங்க ஓடுது?" என்றார் செல்வம்.

"இதோ, வெள்ளையா, ரெண்டாப் பிரியுது."

"அது மண்ரோடு. அந்தக் காலத்துல ஏது தார்? மண்ரோடு வெள்ளையாத்தான் தெரியும். ஆறு இதோ கறுப்பா, மரத்துக்கு அடியில ஓடுது. நீங்க சொல்றபடி பாத்தா இந்த ஆறு மலை உச்சியிலல்ல ஓடணும்? ஒங்க ஊர்ல ஆறெல்லாம் உச்சியிலதான் ஓடுமா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்குக் கோபம். விரல் வைத்துக் காட்டிவிடுவது என்று எழுந்து, மேஜையைச் சுற்றி செல்வத்தின் பக்கம் போய் நின்றேன். குனிந்து பார்த்தேன்.

பள்ளம் இல்லை. நான் இரண்டு நாள் பள்ளமாகப் பார்த்த இடம் முதுகாக எழுந்து நின்றது. என் மலைகளெல்லாம் பள்ளமாகிக் கிடந்தன. கறுப்பு ஆறு பள்ளத்தின் அடியில், ஆறு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வெள்ளைப் பாதை முதுகின்மேல் இரண்டாகப் பிரிந்தது. அது பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், காற்று அடிக்கும் உச்சியில், கல்லறை.

மறுபடி என் பக்கம் போய்ப் பார்த்தேன். பள்ளம். திரும்ப இந்தப் பக்கம். மேடு. பைத்தியக்காரன் மாதிரி மேஜையைச் சுற்றினேன்.

இது ஏன் என்று பிறகு அத்தையின் மகன் போனில் சொன்னார். வெளிச்சம் எப்போதும் மேல்பக்கத்திலிருந்துதான் வரும் என்று நம் கண் தானாகவே நினைத்துக்கொள்ளுமாம். அந்தப் படம் ஜனவரி மாதக் காலையில் எடுத்தது. சூரியன் தென்கிழக்கில். வடக்கை மேலே வைத்தால் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் நம்மை விட்டு விலகி விழுகிறது. கண் ஏமாந்து மேட்டைப் பள்ளம் என்கிறது. விமானப் படம் பார்க்கிறவர்களுக்கு முதல் பாடமே, திசை எதுவானாலும் நிழல் தன்னை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பிக்கொள் என்பதாம். என்னுடைய முதல் பாடம் வேறு. படிக்காதவன் யாராவது அந்தப் படத்தைக் கையில் எடுத்திருந்தால் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். நான் ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

"மெசின் முதுகுலதானே வேலை செய்யுது?" என்று கேட்டேன். செல்வம் ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

ஆ கியோங்குக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. லோரியில் பறந்தோம். கோலா தெர்லா வளைவில் ஒரு லோரி கூடைகளைக் கொட்டிவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதன் டிரைவரும் எதிரே வந்தவரும் மலாயில் ஏசிக்கொண்டிருந்தார்கள். "நீ தள்ளு, நான் போறேன்", "நீ முதல்ல பொறுக்கு" என்று செல்வம் எனக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து குதித்தார். நானும் குதித்தேன். பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவே, செடிகளை மிதிக்காமல் ஏறி ஓடினோம். எனக்கு மூச்சு முட்டியது. உச்சிக்குப் போனதும் காற்று முகத்தில் அடித்தது.

இயந்திரம் நின்றிருந்தது. அதன் படியில் மெசின்காரர் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார். இந்தோனேசியாவில் லொம்போக் தீவுக்காரர். அவருக்குப் பக்கத்தில், வெட்டாத புல்லின்மேல், மூன்று சிலுவைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இரண்டு சிமென்ட், ஒன்று இரும்பு. அவற்றில் எழுத்து ஒன்றும் மிச்சமில்லை. மண்ணைத் துடைத்து வைத்திருந்தார்.

அவர் செல்வத்திடம் மெதுவாகப் பேசினார். செல்வம் எனக்குச் சொன்னார். "நேத்து சாயங்காலம் முதல் சிலுவை வந்துச்சாம். கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காரு. இது ஏதோ தனியாக் கெடந்தது, வேலையப் பாருன்னு சொல்லிட்டாங்களாம். இன்னிக்குக் காலையில இன்னும் ரெண்டு வந்ததும், நான் முஸ்லிம், ஆனா குழி குழிதான், இதுக்கு மேல தோண்ட மாட்டேன்னு நிறுத்திட்டாராம்."

நடுவில் அவர் இந்தியா என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "அதையும் சொல்லுங்க செல்வம்" என்றேன்.

"ஒன்னும் இல்லண்ணே."

"சொல்லுங்க."

செல்வம் தரையைப் பார்த்தார். "கல்லறையெல்லாம் கீழ பள்ளத்துல இருக்கு, இந்தியாவுலேருந்து ஆள் வந்து அளந்து காட்டிட்டாருன்னு சொன்னாங்களாம்."

நான் குச்சி நடாமல் இருந்திருந்தால் மெசின் எங்கே வேலை செய்திருக்கும் என்று தெரியாது. நான் நட்டதால் அது இங்கே வந்தது என்பது மட்டும் தெரியும்.

வெட்டின விளிம்பிலிருந்து இந்தப் பக்கம், புல்லுக்கும் புதருக்கும் நடுவில், மற்ற கல்லறைகள் இருந்தன. செல்வம் போய் அத்தையைக் கூட்டிவந்தார். வந்ததும் அவர் ஒவ்வொரு மேடாகக் குனிந்து, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். பெரியம்மா கஞ்சி குடித்த பீங்கான் கிண்ணத்தை உடைத்து, அந்தச் சில்லுகளை ஈர சிமென்ட்டில் பதித்ததாகப் பெரியப்பா சொல்லியிருந்தாராம். அங்கே பெயர் எழுதத் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், செத்தவர் புழங்கிய பாத்திரத்தைக் கொண்டு அடையாளம் வைப்பது. இரண்டாவது வரிசையில் அத்தை நின்றார். பாசிக்கு அடியில் நீலப் பூப்போட்ட சில்லுகள்.

அத்தை உட்கார்ந்து அந்தச் சில்லுகளை முந்தானையால் துடைத்தார். ஒவ்வொன்றாக. "அம்மா" என்று ஒரு தடவை சொன்னார், வீட்டுக்குள் இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் எழுந்து அந்த மூன்று சிலுவைகளிடம் வந்தார்.

"அக்கா, நான் வராம இருந்திருந்தா..."

"நீ வரலன்னா எல்லாமே போயிருக்கும்."

"நான் வந்ததாலதான் இது மூணும் போச்சு. நீங்க சொன்னீங்க, காத்து அடிச்சுதுன்னு. நான் கேக்கல."

அத்தை என்னை நேராகப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். அவர் சொன்னது இதுதான்: "அழுதா மண்ணு திரும்பி மேல ஏறுமா? சாக்கப் புடி."

வெட்டு விளிம்புக்குக் கீழே சரிந்து கிடந்த மண்ணை அத்தை கையால் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார். "யாரு பெத்த புள்ளையோ" என்று முனகிக்கொண்டே. மெசின்காரரும் இறங்கி வந்து அள்ளினார். ஆ கியோங் வந்தார், விஷயத்தைக் கேட்டார், சட்டைக் கையை மடித்துவிட்டு அவரும் குனிந்தார். குழிக்குள் இருந்த கருத்த மண் எது, மலையின் சிவந்த மண் எது என்று பார்த்து அள்ளினோம். அதில் என்ன கிடைத்தது என்று இங்கே எழுதவில்லை, பெரியவர்களானதும் கேளுங்கள். மழை வருவதற்குள் மேலே ஒரே குழியாக வெட்டி அதில் போட்டோம். வியாழன் காலை பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். மூன்று சிலுவைகளையும் அந்தக் குழியின் தலைமாட்டில் நட்டோம்.

கல்லறைகளை எண்ணினோம். பத்தொன்பது. "பத்தொன்பதுக்கு வரைபடம் போட்டு இன்னிக்கே ஆபீஸ்ல குடுத்துடு" என்றார் ஆ கியோங். "இருக்குறத விட்டுடுவோம். தவ்கே ஒத்துக்கிட்டாரு." அத்தையும் செல்வமும் சாமியாரைக் கொண்டுபோய் விடப் போனார்கள். மத்தியானம் நான் மட்டும் நில அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே சுவர் ஓரமாக ஒரு மேஜை. தாளை விரித்து, வெட்டு விளிம்பைக் கோடாக இழுத்து, அளந்து வைத்திருந்தபடி பத்தொன்பது கட்டங்களைப் போட்டு எண் எழுதினேன். எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. தரையில் இருப்பதைத்தான் வரைய வேண்டும், இல்லாததை வரைந்தால் அது பொய்ப் படம். இருபது வருடத்தில் அதை நான் மீறியதில்லை.

விமானப் படத்தை எடுத்து, நிழல் என்னை நோக்கி விழும்படி திருப்பி வைத்தேன். பையில் கொண்டுபோயிருந்த லென்ஸ் வழியாக அந்த வெளிறிய சதுரத்துக்குள் இருந்த வெள்ளைப் புள்ளிகளை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். இருபத்திரண்டு. முதல் வரிசையின் ஓரத்தில் அந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வெட்டு விளிம்புக்கு வெளியே, இப்போது வெறும் காற்று இருக்கிற இடத்தில், ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்களைப் புள்ளிக்கோட்டில் போட்டேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண் கொடுத்தேன். மலாய் தெரியாததால் பக்கத்தில் தமிழிலேயே எழுதினேன்: "இவை இங்கே இருந்தன. இடத்தைத் தவறாகக் காட்டியவன் நான்." கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் தாளை உள்ளே தள்ளினேன்.